கோச் ஏன் அவனை வெளிய எடுத்தார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கட கழகத்துட பாஸ்கெட்போல் மெட்ச் ஒண்டு, மூணாவது குவாட்டர் முடியப் போற நேரம், ஏழு பொயின்ட் முன்னுக்கு நிக்கிறம், எங்கட மெயின் பிளேயருக்கு மூணாவது ஃபவுல் விழுந்த உடன கோச் அவனை வெளிய எடுத்துட்டார். நாலாவது குவாட்டர்ல பாதி போனாப் பிறகுதான் திருப்பி இறக்கினார், அதுக்குள்ள மத்த டீம் முந்திட்டு, தோத்துட்டம். அண்டையில இருந்து தேத்தண்ணிக் கடையிலயும் இதே சண்டை, பாலத்தடியிலயும் இதே சண்டை. பாதிப்பேர் கோச் பக்கம், பாதிப்பேர் பொடியன் பக்கம். யார் சொல்றது சரி?
– வாசகர், கல்லடி

பதில்: தம்பி, வெளிய எடுத்தது பிழை இல்ல, திருப்பி இறக்கப் பிந்தினதுதான் பிழை எண்டு நான் நினைக்கிறன். நாங்க விளையாடுற ஃபீபா (உலக பாஸ்கெட்போல் சம்மேளனம்) சட்டத்துல அஞ்சாவது ஃபவுலோட ஆள் வெளிய போயிருவார், அதுக்குப் பயந்துதான் கோச்மார் மூணாவதுலயே இருத்துறது. பயம் நியாயமானது. ஆனா யோசிச்சுப் பாருங்க, அஞ்சு ஃபவுலும் வாங்கி அவன் வெளிய போயிருந்தா என்ன நட்டம்? கடைசியில கொஞ்ச நிமிசம் அவன் இல்லாம விளையாடியிருக்கணும். அந்த நிமிசம் போயிருமோ எண்டு பயந்து அதை விடக் கூட நிமிசத்தை கோச் தன்ட கையாலயே விட்டுட்டார். மூணாவது ஃபவுல் ரெண்டாவது குவாட்டர்ல விழுந்தா அரைநேரம் வரைக்கும் இருத்துறதுல நியாயம் இருக்கு. உங்கட மெட்ச்ல குவாட்டர் முடியும் வரைக்கும் இருத்தி, மூச்சு வாங்க விட்டு, நாலாவது தொடங்கக்குள்ளேயே இறக்கியிருக்கலாம்.

ஆனா கோச்சுக்குத் தெரிஞ்சு உங்களுக்குத் தெரியாதது ஒண்டும் இருக்கலாம். சில பொடியன்கள் காலை நகத்தாம கையைப் போட்டுத்தான் ஆளை மறிப்பாங்க, களைச்சா இன்னும் கூடக் கையைப் போடுவாங்க. அப்பிடிப்பட்டவனுக்கு மூணு விழுந்தா நாலாவது வர ஒரு நிமிசம் போதும். உங்கட பிளேயர் எந்த மாதிரி எண்டது அவனோட தினமும் பிரக்டிஸ் பண்றவங்களுக்குத்தான் தெரியும், கடையில கதைக்கக்குள்ள முதல்ல அதைக் கேளுங்க.

இன்னொண்டு. அடுத்த மெட்ச்சுக்கு ஒரு கொப்பி கொண்டு போங்க. ஒவ்வொரு ஆளும் உள்ளுக்க போகக்குள்ளயும் வெளிய வரக்குள்ளயும் ரெண்டு டீம்ட ஸ்கோரையும் எழுதுங்க, அவன் நிண்ட நேரத்துல நாங்க ஏறினமா இறங்கினமா எண்டு தெரியும். பிளஸ் மைனஸ் எண்டு சொல்றது இதைத்தான். ஒரு மெட்ச்சை வச்சு முடிவு கட்டிராதீங்க, கூட நிண்ட நாலு பேர் ஆர், எதிர்ல நிண்டது ஆர் எண்டதுல எல்லாமே மாறும். ஒரு சீசன் முழுக்க எழுதினா அதுல உண்மை தெரியும்.

கேள்வி: என்ட மகன் பாடசாலை டீம்ல இருக்கான், வெயில் மழை பாக்காம பிரக்டிஸ் போறான், ஆனா மெட்ச்ல கடைசி ஒரு நிமிசம்தான் இறக்குறாங்க. சில நாள் அதுவும் இல்ல. வீட்ட வந்து சாப்பிடாமப் படுத்திருவான். அடுத்த வருசம் ஓ.எல். வேற. நான் போய் சேரிட்டக் கேக்கவா, இல்லாட்டி நிப்பாட்டிரவா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: நிப்பாட்டாதீங்க அக்கா. சேரிட்டக் கேக்க வேண்டிய ஆள் உங்கட மகன், நீங்க இல்ல. மெட்ச் முடிஞ்ச உடன கேக்க வேணாம், அண்டைக்கு எல்லார்ட மனசும் சூடா இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு பிரக்டிஸ் தொடங்க முதல் போய், “சேர், எனக்கு ஏன் சான்ஸ் தாறீங்க இல்ல” எண்டு கேக்காம, “சேர், நான் என்னத்தைத் திருத்தினா ரெண்டாவது குவாட்டர்ல என்னை இறக்குவீங்க” எண்டு கேக்கச் சொல்லுங்க. அப்பிடிக் கேட்டா எந்த சேருக்கும் ஒரு பதில் சொல்லியே ஆகணும், இடது கை பலமில்ல எண்டோ, ரெபவுண்டுக்கு (வளையத்துல பட்டுத் திரும்புற பந்தை எடுக்கிறதுக்கு) ஆளை மறிச்சு நிக்கிறான் இல்ல எண்டோ.

பெஞ்ச்ல இருக்கிறது வெக்கம் எண்டு அவன் நினைச்சா மனு ஜினோபிலிட பேரைச் சொல்லுங்க, அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆர்ஜென்டினாவுக்கு 2004ல ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் குடுத்த மனுசன், அமெரிக்காவிட என்.பி.ஏ. லீக்ல சான் அன்டோனியோ ஸ்பேர்ஸ் டீம்ல கனகாலம் பெஞ்ச்ல இருந்துதான் உள்ளுக்க போனார், 2008ல சிறந்த ஆறாவது ஆள் (பெஞ்ச்ல இருந்து போறவங்கள்ல சிறந்தவர்) எண்ட விருதும் எடுத்தார், அந்த டீமோட நாலு சம்பியன்ஷிப்.

சேர்மாருக்கும் ஒண்டு சொல்லணும், இதை நான் மனசாரச் சொல்லுறன். நாப்பது நிமிசம், அஞ்சு பேர், மொத்தம் இருநூறு நிமிசம். முதல் அஞ்சு பேரும் ஆளுக்கு 36 நிமிசம் விளையாடினா 180 போயிட்டு, மிச்சம் இருக்கிற ஏழு பொடியன்களுக்கும் சேத்து இருபதுதான். ஆளுக்கு மூணு நிமிசம் கூட வராது. அந்த மூணையும் தோல்வி உறுதியான பிறகு குடுத்து என்ன பிரயோசனம்? ரெண்டாவது குவாட்டர்ல, ஸ்கோர் கிட்டக்கிட்ட நிக்கிற நேரம் நாலு நிமிசம் குடுங்க, அந்த நாலு நிமிசத்துலதான் பொடியன் வளருவான். பதினஞ்சு வயசுக்குக் கீழ எண்டா எல்லாரையும் இறக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

கேள்வி: ஒரு மெட்ச்ல எத்தினை தரம் ஆள் மாத்தலாம்? கோச் கத்தினாலும் சில நேரம் ரெஃப்ரி விடுறார் இல்லையே?
– வாசகர், காத்தான்குடி

பதில்: எத்தினை தரமும் மாத்தலாம், வெளிய வந்தவர் திருப்பியும் போகலாம், அஞ்சு ஃபவுல் வாங்கினவரைத் தவிர. ஆனா கோச் கத்தி வேலை இல்ல, உள்ளுக்க போற பிளேயர்தான் ஸ்கோர் டேபிளுக்குப் போய்க் கேக்கணும். கடிகாரம் நிண்டு, பந்து ஆட்டத்துல இல்லாத நேரம்தான் விடுவாங்க. டைம் அவுட் எண்டா மறுவளம், அது கோச் கேக்கிறது.

கேள்வி: நியூயோர்க் நிக்ஸ் ரசிகன் நான். 2000க்குப் பிறகு முதல் தரமா கொன்பரன்ஸ் இறுதி (லீக்ட அரையிறுதி மாதிரி) வரைக்கும் கொண்டு போன கோச்சை 2025 ஜூன்ல தூக்கிட்டாங்க. ஆக்களுக்குக் கூட நிமிசம் குடுத்தார் எண்டதுக்காக ஒரு கோச்சை இப்பிடித் திட்டுறது நியாயமா?
– வாசகர், கல்முனை

பதில்: அந்தக் கோச் டொம் திபடோ பத்தி எனக்கு மரியாதை இருக்கு, டிஃபென்ஸ் சொல்லிக் குடுக்கிறதுல அவர் பெரிய ஆள். ஆனா நிமிசம் பத்தின குற்றச்சாட்டு அண்டைக்குப் புதுசா வந்தது இல்ல. 2024-25 சீசன்ல லீக்கிலேயே சராசரியாக் கூட நிமிசம் விளையாடினது அவர்ட பிளேயர் ஜோஷ் ஹார்ட். அதே டீம் பிளேயர் மிக்கால் பிரிட்ஜஸ் இதைப் பத்தி வெளிப்படையாவே கதைச்சவர்.

அதுக்கு முதல் அவர் கோச்சா இருந்தது சிக்காகோ டீம்ல. 2012 ஏப்ரல் 28, பிளேஓஃப் (சம்பியன் ஆரெண்டு முடிவாகிற கடைசிச் சுற்று) முதல் மெட்ச், பிலடெல்பியாவோட, பன்னிரண்டு பொயின்ட் முன்னுக்கு நிக்கிறாங்க, மெட்ச் முடிய ஒண்டரை நிமிசம் கூட இல்ல, டெரிக் ரோஸ் இன்னும் உள்ளுக்க. குதிச்சு விழுந்ததுல இடது முழங்கால்ட தசைநார் கிழிஞ்சுது. அதுக்கு முந்தின வருசம்தான் லீக்ட சிறந்த வீரர் விருது எடுத்த ஆள், இருபத்திரெண்டு வயசுல. அடுத்த சீசன் முழுக்க விளையாடவே இல்ல. நிமிசம் கூடினதாலதான் கிழிஞ்சது எண்டு நான் சொல்ல மாட்டன், முதல் நிமிசத்துலயும் கிழியலாம். ஆனா வெண்டு முடிஞ்ச மெட்ச்ல அவரை வச்சிருந்து கிடைக்கப் போற லாபம் என்ன? அதுக்கு ஆர்ட்டயும் பதில் இல்ல, எனக்கு இண்டைக்கும் அது ஆறாத கோபம்.

மத்தப் பக்கம் ஸ்பேர்ஸ் கோச்சா இருந்த கிரெக் பொபவிச்சைப் பாருங்க. 2013-14 சீசன்ல ஸ்பேர்ஸ் டீம்ல ஒருத்தர் கூட சராசரி முப்பது நிமிசம் விளையாடல்ல, அங்க மெட்ச் எண்டா 48 நிமிசம். சீசன் முழுக்கப் பெஞ்ச் பொடியன்கள் விளையாடினதால இறுதிப் போட்டியில ஆர் உள்ளுக்க போனாலும் பந்து அதே மாதிரி ஓடிச்சு, மியாமியை 4-1ல வெண்டாங்க. நிக்ஸ் கோச்சைத் தூக்கினது சரியா பிழையா எண்டு நீங்க வாதாடலாம், ஆனா ஏழு பேரை மட்டும் நம்பி மே மாசம் வரைக்கும் ஓடுறது பிழை எண்டு நான் சொல்லுவன்.

கேள்வி: 17 வயசுக்குக் கீழ பொடியன்களுக்குப் பழக்குறன். ஆளை மாத்தின உடன பின்னுக்கு இருந்து பெத்தாரும் பழைய மாணவர்களும் கத்துறாங்க. காதைப் பொத்தவா, பதில் சொல்லவா?
– ஒரு பயிற்றுவிப்பாளர், மட்டக்களப்பு

பதில்: சேர், மட்டக்களப்புல நீங்க அதைத் தடுக்க ஏலாது. அமெரிக்காவில இருந்து வந்த யேசுசபை பாதர்மார் புனித மிக்கேல் கல்லூரியில பழக்கின விளையாட்டு இது, வெபர் பாதர்ட பேர்ல மைதானமே இருக்கு, 1990 ஆகஸ்ட்ல காணாமல் போன ஹேபர்ட் பாதரிட்டப் பழகினவங்க இன்னும் அந்தக் கூட்டத்துல இருந்து பாக்கிறாங்க. அவங்க கத்துறது அக்கறையில.

மெட்ச் நடக்கக்குள்ள கூட்டத்துக்குப் பதில் சொல்லாதீங்க. பொடியனுக்குச் சொல்லுங்க, அதுவும் முதல் நாளே. “நீ ஆறாவது நிமிசம் போவாய், அவங்கட ஏழாம் நம்பரை மறிக்கிறது உன்ட வேலை” எண்டு தெரிஞ்சவன் பெஞ்ச்ல இருந்தே அந்த ஏழாம் நம்பரைப் பாத்துக்கொண்டு இருப்பான். வெளிய வாறவனுக்குப் பக்கத்துல இருந்து ஒரு வசனம் சொல்லுங்க: களைச்சிட்டாய், மூணு நிமிசத்துல திருப்பிப் போறாய். ஒண்டும் சொல்லாம வெளிய எடுத்தா அவன் தண்டனை எண்டுதான் எடுப்பான். எங்கட வெயிலுக்கு, அதுவும் பின்னேரம் மூணு மணிக்கு வெளிக் கோட்ல, அஞ்சு ஆறு நிமிசத்துக்கு மேல ஒருத்தரையும் ஒரே அடியா ஓட விடாதீங்க, தண்ணிப் போத்தலை பெஞ்சுக்குக் கிட்டவே வைங்க. பிழை விட்ட அடுத்த செக்கன் ஆளைத் தூக்குறதையும் விட்டுருங்க, அடுத்த போலுக்கு அவன் பயந்து பயந்துதான் ஷூட் பண்ணுவான்.

பெத்தாருக்குக் கதைக்கிறதெண்டா சீசன் தொடங்க முதல் ஒருக்காக் கூப்பிட்டு, எந்த முறையில நேரம் குடுக்கிறீங்க எண்டு சொல்லிருங்க: பிரக்டிஸ் வரவு, படிப்பு, டிஃபென்ஸ், எதுக்கு முதலிடம் எண்டு. பிறகு அதை மாத்தாதீங்க, உங்கட சொந்தக்காரப் பொடியன் டீம்ல இருந்தாலும்.