கேள்வி-பதில்: டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கப் போகிறீர்களா?

புதிய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (வியூஃபைண்டரில் தெரியும் இரு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தி, கையால் ஃபோகஸ் செய்யும் கேமரா) வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தாலே இந்தப் பகுதிக்குக் கடிதங்கள் குவிந்துவிடுகின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அடுத்து வரும் லைக்கா எம் கேமராவில் ஆட்டோஃபோகஸ் இருக்குமா? இருந்தால்தான் வாங்குவேன். (வாசகர், கோயம்புத்தூர்)

அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எம் என்பது லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் வரிசை; அதன் லென்ஸ்களுக்குள் ஃபோகஸை நகர்த்தும் மோட்டார் கிடையாது. ஆட்டோஃபோகஸ் இல்லாமல் முடியாது என்றால் வேறு கேமரா வாங்குங்கள்.

இன்னும் அறிவிக்கப்படாத அடுத்த மாடலுக்கு ஒரு கடை ஒரு லட்ச ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறது. முதலில் கட்டியவருக்கே முதல் கேமராவாம். கட்டலாமா? (வாசகர், திருச்சி)

கட்டாதீர்கள். மாடலின் பெயரையோ விலையையோ வரும் தேதியையோ ரசீதில் எழுத முடியாத ஒரு பொருளுக்காகக் கொடுக்கும் பணம், கடைக்காரருக்கு நீங்கள் கொடுக்கும் வட்டியில்லாக் கடன்தான்.

முதல் ஆளாக வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். நெடுநாளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. 2006-இல் லைக்கா எம்8 வந்தது. வாங்கியவர்கள் படம் எடுத்துப் பார்த்தபோது, செயற்கை இழையில் நெய்த கறுப்புக் கோட்டுகள் கத்தரிப்பூ நிறத்தில் விழுந்திருந்தன. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் சென்சாருக்கு மிக அருகில் இருப்பதால், ஓரங்களில் ஒளி மிகவும் சாய்வாக வந்து விழும். அதனால் சென்சாரின் முன்னே இருக்கும் கண்ணாடியை மெல்லியதாக வைத்தார்கள், அந்த மெல்லிய கண்ணாடியோ அகச்சிவப்புக் கதிரைப் போதுமான அளவு தடுக்கவில்லை. வாங்கியவர்கள் புகார் எழுப்பிய பிறகுதான், லென்ஸின் முன் மாட்டிக்கொள்ள ஆளுக்கு இரண்டு ஃபில்டர்களை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. 2009-இல் வந்த எம்9 முழு ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சார் கொண்ட முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் என்று கொண்டாடப்பட்டது. அதில் அகச்சிவப்பை உறிஞ்சும் வேறொரு கண்ணாடியைப் போட்டார்கள். அது ஈரப்பதத்தில் அரித்துப்போகும் கண்ணாடியாக அமைந்தது. 2022-இல் அமெரிக்காவில் 8,995 டாலர் விலையில் வந்த எம்11 படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இயங்காமல் உறைந்து நிற்கிறது என்று பலர் புகார் செய்தார்கள். திருத்தங்கள் ஃபர்ம்வேராக, அதாவது கேமராவின் உள் மென்பொருளாக, பின்னால் வந்தன. ஒவ்வொரு முறையும் குறையைக் கண்டுபிடித்தவர்கள் முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்களே. இவ்வளவு விலை வாங்கும் ஒரு தொழிலில், சோதிக்கும் வேலையையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். கேமரா கடைக்கு வந்து ஓர் ஆண்டு போகட்டும். அதற்குள் குறைகள் வெளியே வந்துவிடும், விலையும் ஓரளவு இறங்கலாம்.

கடையில் பழைய லைக்கா எம்9 வாங்கினேன். சென்சார் சுத்தமாக இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் எழுதித் தந்தார்கள். வானத்தை எடுத்தால் சிறு புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெளிர் வளையம். தூசி என்கிறார்கள். (வாசகர், சென்னை)

அது தூசி இல்லை என்றே தோன்றுகிறது. உங்களுக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மேலே சொன்ன கண்ணாடி அரிப்பின் அடையாளம் இதேதான். உறுதி செய்துகொள்ள, அபர்ச்சரை எஃப்/16-க்குக் குறைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே தவற விட்டு, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். ரப்பர் ஊதியால் சென்சாரை ஊதிவிட்டு மறுபடி எடுங்கள். தூசியாக இருந்தால் இடம் மாறும் அல்லது போய்விடும். அரிப்பு அதே இடத்தில் நிற்கும், சுத்தம் செய்தாலும் போகாது. எம்9, எம்9-பி, எம்-ஈ, முதல் மோனோக்ரோம் ஆகிய நான்குக்கும் இந்தக் குறை உண்டு. நிறுவனம் ஒரு காலம் வரை சென்சாரை இலவசமாக மாற்றித் தந்தது. இப்போது அந்த சென்சார் அவர்களிடம் இருப்பில் இல்லை. எனவே கடை உங்களுக்கு விற்றது, தயாரித்த நிறுவனமே சரிசெய்து தர முடியாத ஒரு பொருளை.

விற்றவர் வியாபாரி என்பதால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். பில், அந்த வாட்ஸ்அப் வாக்கியம், இரண்டு வானப் படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி கடைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் வழக்கு கடினமாகியிருக்கும். எழுதி வாங்கினீர்களே, அதுதான் உங்கள் பலம்.

28 மி.மீ. லென்ஸோடு எம்10 வாங்கினேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் வியூஃபைண்டரில் அந்த லென்ஸுக்கான, பட எல்லையைக் காட்டும் சட்டகம் முழுதாகத் தெரியவில்லை. கடை திரும்ப எடுக்க மறுக்கிறது. (வாசகர், சேலம்)

கடையின் மேல் தவறில்லை. இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறவர், வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு 28 மி.மீ. சட்டகத்தின் ஓரங்கள் மறைவது இந்தக் கேமராக்களில் எல்லாரும் அறிந்த விஷயம். லென்ஸை விற்றுவிட்டு 35 மி.மீ. லென்ஸுக்கு மாறுங்கள், அல்லது பின்பக்கத் திரையில் (லைவ் வியூ) பார்த்து எடுங்கள்.

ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100விஐ ஒரு ரேஞ்ச்ஃபைண்டர்தானே? (வாசகி, கொழும்பு)

இல்லை. நல்ல கேமரா, ஆனால் இரு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் அமைப்பு அதில் இல்லை.

குறைந்த விலையில் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வரும் என்று பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன். லைக்காவே ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாத எம் கேமரா கொண்டுவந்துவிட்டதே, இனி நம்பிக்கை உண்டா? (வாசகர், சிங்கப்பூர்)

உங்கள் ஏக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் விலை குறையும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை. உலகின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான எப்சன் ஆர்-டி1, கொசினா நிறுவனத்தின் பாடியில் கட்டப்பட்டு 2004-இல் வந்தது. எப்சன் பிறகு அந்தத் துறையை விட்டே விலகிவிட்டது. இன்று லைக்காவைத் தவிர, பிரான்சின் பெசான்சோன் நகரத்தில் இருக்கும் பிக்சி என்ற சிறு நிறுவனம் இதைச் செய்கிறது; பின்பக்கத் திரையே இல்லாத கேமரா அது. ரேஞ்ச்ஃபைண்டர் என்பது கண்ணாடிகளும் நெம்புகோல்களும் சேர்ந்த நுட்பமான பொறி. ஒவ்வொன்றையும் ஓர் ஆள் உட்கார்ந்து கையால் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அந்தக் கூலி சென்சாரைப் போல ஆண்டுக்கு ஆண்டு மலிவதில்லை. 2025-இல் வந்த எம் ஈவி1 மின்னணு வியூஃபைண்டர் கொண்டது; பார்வை மங்கியவர்களுக்கும் 90 மி.மீ. லென்ஸ் பிரியர்களுக்கும் அது உதவும், உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. காத்திருப்பை விட்டுவிட்டு, நல்ல கடையில் பில்லோடு ஒரு பழைய லைக்கா எம் டைப் 240 தேடுங்கள். அதில் இருப்பது வேறு வகைச் சென்சார்; எம்9-ஐப் பிடித்த அரிப்பு அதற்கு இல்லை.

50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில் கண்ணைக் குறிவைத்தால் காது தெளிவாக விழுகிறது. ஒரு வீடியோவைப் பார்த்து, பாடிக்குள் லென்ஸின் பின்வளையத்தைத் தொட்டு நிற்கும் உருளையின் திருகை நானே திருப்பலாமா? (வாசகர், மதுரை)

திருகைத் தொடாதீர்கள். அதைத் திருப்பிவிட்டால் பழுது லென்ஸிலா பாடியிலா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். முதலில் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கோபுர விளக்கைப் பாருங்கள். லென்ஸ் வளையத்தை முடிவிலி வரை திருப்பும்போது வியூஃபைண்டரின் நடுச்சதுரத்தில் இரட்டையாகத் தெரியும் அந்த விளக்கின் இரு பிம்பங்களும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். ஒரு பிம்பம் மற்றதைவிடச் சற்று மேலே தள்ளித் தெரிந்தால் அது வேறு பழுது. அடுத்து நண்பர் ஒருவரின் லென்ஸை மாட்டிப் பாருங்கள். எல்லா லென்ஸிலும் ஒரே பக்கமாகத் தவறினால் பாடியையும், ஒன்றில் மட்டும் தவறினால் அந்த லென்ஸையும் சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டும்.

லென்ஸின் பின்புறத்தையும் பார்த்துவிடுங்கள். நான் ஒரு கடையில் வாங்கிய பழைய 90 மி.மீ. லென்ஸ் எந்த பாடியிலும் ஃபோகஸ் ஆகவில்லை. பின்புறத்துப் பித்தளை வளையத்தை விளக்கின் அடியில் திருப்பிப் பார்த்தபோது, அரத்தால் தேய்த்த மெல்லிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. முன்பு வைத்திருந்த யாரோ தம் கேமராவுக்குப் பொருந்தும்படி ராவியிருக்கிறார்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்ததைக் காட்டிக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். உங்கள் வளையம் வழவழப்பாக, கீறலின்றி இருந்தால் லென்ஸையும் பாடியையும் சேர்த்தே சர்வீஸுக்குக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டும் சரியாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.