அச்சோவியம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை பெரும்பாலும் அச்சோவியர் (உலோகத் தகட்டில் குடைந்து, மை ஏற்றிக் காகிதத்தில் அச்செடுப்பவர்) கிருஷ்ணா ரெட்டியை ஒட்டி வந்த கேள்விகள்; கடைசியில் வீட்டிலேயே அச்செடுப்பது பற்றி ஒன்று.

கிருஷ்ணா ரெட்டியின் 'வேர்ல்பூல்' (நீர்ச்சுழி) படத்தில் அத்தனை நிறம் இருக்கிறது. ஆனால் ஒரே தகடு, பிரஸ்ஸில் ஒரே ஓட்டம் என்கிறார்கள். நிறத்துக்கு ஒரு தகடு வேண்டாமா? – வாசகர், வேலூர்

வேண்டாம். எண்ணெய் அதிகமான இளக்கமான மையின் மேல் கெட்டி மை ஒட்டாது. இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் மொத்த வித்தையும். 1950-களில் பாரிஸில் ஆங்கிலேய அச்சோவியர் ஹெய்ட்டர் நடத்திய 'அட்லியே 17' பட்டறையில் ரெட்டியும் இன்னொரு இந்தியக் கலைஞரான கைக்கோ மோட்டியும் இதைச் செய்து செய்து பார்த்து வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

முதலில் தகடு. வெறும் கோடு போதாது. மேடு, நடுத்தளம், பள்ளம் என்று ஏற்ற இறக்கம் வேண்டும். ரெட்டி சிற்பம் படித்தவர், பாரிஸில் ஸாட்கினிடமும் மிலானில் மரினோ மரினியிடமும். அதனால் தகட்டையும் சிற்பி மாதிரியே குடைந்தார்.

மை மூன்று தடவை ஏறும். முதலில் கெட்டியான மையைத் தகடு முழுக்கத் தேய்த்து, கஞ்சி போட்ட வலைத்துணியால் மேற்பரப்பைத் துடைக்க வேண்டும். பள்ளக் கோடுகளில் மட்டும் மை தங்கும். அடுத்து, எண்ணெய் கலந்து இளக்கிய மையைக் கெட்டி ரப்பர் ரோலரில் எடுத்து, அழுத்தாமல் ஒரே ஓட்டு. அது மேடுகளை மட்டும் தொடும். மூன்றாவதாக, கெட்டி மையை மெத்தென்ற ரோலரில் எடுத்து அழுத்தி ஓட்ட வேண்டும். மெத்தை ரோலர் நடுத்தளம் வரை இறங்கி அங்கே மையைப் பதிக்கும். மேட்டில் ஏற்கெனவே எண்ணெய்ப்படலம் இருப்பதால் அங்கே பிடிக்காது. பிறகு ஈரக் காகிதம், மேலே கம்பளித் துணி, ஒரே ஓட்டம்.

1963-இல் செய்த அந்த நீர்ச்சுழியில் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போவதாகத் தெரிவது இதனால்தான். தனித்தனித் தகடுகளில் எடுத்தால் நிறத்துக்கு நிறம் ஓரம் வெட்டினாற்போல நிற்கும்.

இந்த முறையில் முயன்றேன். இரண்டு ரோலர் நிறமும் கலந்து சேற்று நிறம் வந்தது. கூடவே படத்தின் குறுக்கே ஒரு கோடு. – வாசகி, ஈரோடு

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. சேறாவது பெரும்பாலும் இரண்டு மைக்கும் இளக்கத்தில் வித்தியாசம் போதாததால். தகட்டுக்குப் போகும் முன் கண்ணாடித் துண்டில் பாருங்கள். இளக்கிய மையில் ஒரு பட்டை ஓட்டுங்கள். அதன் குறுக்கே கெட்டி மை ரோலரை ஓட்டுங்கள். இரண்டும் வெட்டும் சதுரத்தில் முதல் நிறம் அப்படியே நின்றால் சரி. கலந்தால் முதல் மையில் இன்னும் சில சொட்டு ஆளிவிதை எண்ணெய் விடுங்கள். இரண்டு பங்கு மைக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று தொடங்கலாம். கத்தியில் எடுத்துத் தூக்கினால் இளக்கிய மை தேன்போல அறாமல் ஒழுக வேண்டும். கெட்டி மை தொங்கி நின்று அறுந்து விழ வேண்டும். சித்திரை வெயிலில் கெட்டி மையும் தானாக இளகிவிடும். அப்போது மெக்னீசியம் கார்பனேட் தூளை ஒரு சிட்டிகை கலந்து கெட்டியாக்குங்கள். மை அடுக்கு தடித்தாலும் இதே சேறுதான். பணத்தை மிச்சம் பிடிக்கச் சிலர் ஒரே ரோலரைத் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்துகிறார்கள்; அது உதவாது. மெத்தை ரோலர் ஒன்று தனியாக வேண்டும்.

குறுக்குக் கோடு ரோலரின் சுற்றளவால் வருவது. 7 செ.மீ. விட்டமுள்ள ரோலர் ஒரு சுற்றில் சுமார் 22 செ.மீ. போகும். தகடு அதைவிட நீளமானால் இரண்டாம் சுற்று தொடங்கும் இடத்தில் கோடு விழும். தகட்டைச் சிறிதாக்குங்கள்.

இயற்கையும் குடும்பமும் அவர் படங்களில் எப்படி வந்தன? – வாசகர், சென்னை

சித்தூர் அருகே 1925-இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். 1940-களின் கடைசியில் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தார். பூச்சி, மீன், அலை, சுழி என்று அவர் எடுத்துக்கொண்டவற்றைக் கவனித்தால், உருவத்தைவிட அதற்குள் ஓடும் அசைவைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தது தெரியும். மகள் அபு தவழ்வதை 'அபு கிராலிங்' என்று செய்தபோதும் அதே கண்தான். ஆனால் இயற்கை ஓவியர் என்று மட்டும் முத்திரை குத்த வேண்டாம். 1968 பாரிஸ் மாணவர் போராட்டத்தையும் தகட்டில் குடைந்திருக்கிறார்.

பிரஸ் இல்லை, தகட்டை அரிக்கும் அமிலமும் வேண்டாம். என் ஆறு வயது மகள் வரைந்த மாட்டை அச்சாக எடுக்க ஆசை. – வாசகி, தஞ்சாவூர்

லினோ (உளியால் எளிதில் வெட்டக்கூடிய லினோலியம் துண்டு) போதும். 3 மி.மீ. லினோவை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் மெத்தென்று வெட்டு விழும். அச்சில் இடம் வலம் மாறும். ஆகவே படத்தை ஜன்னல் கண்ணாடியில் கவிழ்த்துப் பிடித்துப் பின்பக்கமாகக் கோட்டை எடுங்கள். அந்தப் பக்கம் மேலே தெரிய, கார்பன் தாள் வைத்து லினோவில் இறக்குங்கள். மகள் பெயரையும் எழுதியிருந்தால் இதை மறக்கவே கூடாது.

கறுப்புக் கோடு கறுப்பாகவே வர வேண்டும் என்றால் கோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குடைய வேண்டும். குழந்தைக் கோட்டின் வேகம் அதில் செத்துப்போகும். கோட்டையே வெட்டுங்கள், கறுப்பில் வெள்ளை மாடாக வரும். ஐந்தாவது கால் இருந்தால் இருக்கட்டும், திருத்தாதீர்கள். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்.

மை மெல்லிசாக. ரோலர் ஓடும்போது 'ஸ்ஸ்' என்று சன்னமாகக் கேட்க வேண்டும். சொதசொதவென்று கேட்டால் மை அதிகம், சிறு வெட்டுகள் அடைந்துபோகும். உலர்ந்த மெல்லிய காகிதத்தைப் போட்டு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடம் இருந்தால் மறுபடி படுக்கவைத்துத் தேய்க்கலாம். முழுதாக எடுத்துவிட்டால் திரும்ப அதே இடத்தில் வைக்க முடியாது.

மாட்டைச் சுற்றி இலை வேண்டுமானால் பூவரசு இலையை ஒரு நாள் புத்தகத்துக்குள் வைத்து எடுங்கள். பச்சையாக இருந்தால் அதன் ஈரத்தில் மை பிடிக்காது. நரம்பு புடைத்த அடிப்பக்கத்துக்கு மை போடுங்கள்.