காலையில் முதல் அடி வைக்கும்போது வரும் குதிக்கால் வலி

தங்கச்சி, கல்முனையில் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை, காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது, கொஞ்சம் நடந்தால் குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இதே வலி மாதக்கணக்கில் இருந்தது. இப்படி வருவது பெரும்பாலும் உள்ளங்காற் சவ்வால்தான்.

ஆட்டிறைச்சி துப்புரவாக்கும்போது தசையைப் போர்த்தபடி வெள்ளையாக ஒன்று இழுபடுமே, கத்திக்கும் லேசில் மசியாது, அதுதான் சவ்வு. நம் உடம்பில் தசை, நரம்பு, உறுப்பு எல்லாவற்றையும் அது சுற்றிப் பிடித்திருக்கிறது. உள்ளங்காலில் தடித்த பட்டையாகி, குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடுகிறது. பெருவிரலைக் கையால் மேலே மடக்கிப் பாருங்கள்: பட்டை நாண் போல விறைத்து, பாத வளைவு உயரும். இதை 1954இல் ஹிக்ஸ் என்பவர் விளக்கினார். தூக்கத்தில் பாதம் கீழே சாய்வதால் பட்டை சுருங்கிக் கிடக்கும். முதல் அடியில் திடீரென இழுபடும்.

சரி, எழும்ப முன் கட்டிலிலேயே காலை மடியில் வைத்து, விரல்களைப் பின்னுக்கு இழுத்து 10 எண்ணும்வரை பிடியுங்கள். 10 தடவை. பகலிலும் இரண்டு முறை. தேய்ந்த றப்பர் செருப்பை இன்றே விடுங்கள். சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கல்லடிக் கடற்கரை மணலில் நடந்தால் மாறும் என்றார்கள், எனக்கு அது வலியைக் கூட்டித்தான் விட்டது. குணமாக மாதங்கள் எடுக்கும், பயப்படாதீர்கள். கால் உணர்வில்லாமல் மரத்துப்போனாலோ வீங்கினாலோ, நீரிழிவு இருந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.