மருத்துவத்துக்குப் புள்ளி காணாத பிள்ளையும் ஒரு வருட ஏ.ஐ. டிப்ளோமாவும்

உயிரியல் பிரிவில் மகளின் இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து பல்கலைக்கழகத் தெரிவுக்குக் கணிக்கும் புள்ளி) மருத்துவ பீடத்துக்குக் காணாது. இன்னொரு முறை உயர்தரம் எழுத வைப்பதா, "சுகாதாரத் துறையில் செயற்கை நுண்ணறிவு" என்று விளம்பரம் வரும் ஒரு வருட டிப்ளோமாவுக்குக் காசு கட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் எழுதாமல் விட்ட வழி ஒன்று இருக்கிறது. நோயாளிக்குப் பக்கத்தில் நின்று செய்யும், பதிவு உள்ள ஒரு தொழிலை அவள் முதலில் படிக்கட்டும். கணினியும் தரவும் அதற்குப் பிறகு. வரிசையை மாற்றினால் ஆஸ்பத்திரிக்குள் நுழைவதே கஷ்டமாகிவிடும்.

ஏன் என்று விளங்க, ஆய்வுகூடத்தைப் பாருங்கள். வெள்ளவத்தையில் ஒரு சேகரிப்பு நிலையத்தில் காலை ஏழு மணிக்கு எடுத்த இரத்தம் காலி வீதி நெரிசலைத் தாண்டிப் பெரிய ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். சாதாரணக் குழாயில் செல்களைப் பிரிக்காமல் வைத்தால், அவை சீனியைத் தின்பதால் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும். சாம்பல் மூடிக் குழாயில் அதைத் தடுக்கும் ஃபுளோரைட் இருந்தாலும் முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம் அந்தக் குறைவு முழுதாக நிற்காது. ஊதா மூடிக் குழாயை முதலில் நிரப்பிவிட்டு மற்றக் குழாய்க்குப் போனால், அதிலுள்ள, இரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் கலந்த ஈ.டி.டி.ஏ. துளியளவு தொற்றினாலும் போதும்: பொட்டாசியம் பொய்யாக ஏறும், கல்சியம் பொய்யாக இறங்கும். ஊசியை இழுத்து இழுத்து எடுத்துச் சிவப்பணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் ஏறும். பல இலட்சம் ரூபாய் இயந்திரம் இதையெல்லாம் தசமப் புள்ளியோடு அழகாக அச்சடித்துத் தரும். அந்த எண்ணைப் பார்த்து "இது நோயா, குழாயா" என்று சந்தேகப்படுவதுதான் எம்.எல்.டி.யின், அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரின் வேலை. காலையில் பெறுமானம் முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டி, விடை சராசரியிலிருந்து 3 நியம விலகலைத் தாண்டினாலோ, அடுத்தடுத்து இரண்டு ஒரே பக்கத்தில் 2 நியம விலகலைத் தாண்டினாலோ, நோயாளியின் ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்துக் காரணம் தேடுவதும் அவர்தான்.

படங்களிலும் இதே கதைதான். "ஏ.ஐ. எக்ஸ்ரே பார்க்கிறதாமே, படமெடுக்கும் ரேடியோகிராபருக்கு வேலை இருக்குமா" என்ற பயம் புதிதல்ல. 2016இல் ஏ.ஐ. ஆய்வின் முன்னோடி ஜெப்ரி ஹின்டன், படத்தை வாசித்து நோய் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதையே நிறுத்தலாம், ஐந்து வருடத்தில் இயந்திரம் முந்திவிடும் என்றார். அந்த ஐந்து வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. அதற்காக ஏ.ஐ. வெறும் பேச்சும் அல்ல. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் மார்பு எக்ஸ்ரேயில் காசநோயைச் சலித்தெடுக்கக் கணினி வாசிப்பைப் பயன்படுத்தலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. ஆனால் 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நிமோனியா கண்டுபிடிக்கப் பழக்கிய மென்பொருள், படம் எந்த ஆஸ்பத்திரியில் எடுக்கப்பட்டது என்பதையும் படத்திலிருந்தே கண்டுகொண்டது தெரியவந்தது. நிமோனியா அதிகமுள்ள ஆஸ்பத்திரி எது என்று அறிந்தால் பாதி விடை கையில்தானே. வேறு ஆஸ்பத்திரிப் படங்களைக் கொடுத்தபோது பல இடங்களில் தடுமாறியது. நோயாளி சற்றுத் திரும்பி நின்றாலோ, தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைத்தாலோ கணினியும் தடுமாறும். சரியாக நிறுத்திப் படமெடுப்பது இன்னும் மனிதரின் கைவேலை.

இனி வழிகள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை எடுத்து, மகளுக்குத் தகுதியுள்ள பாடநெறிகளைக் குறியுங்கள். பேராதனையில் துணை மருத்துவ விஞ்ஞான பீடத்தில் ரேடியோகிராபி, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம் (பிசியோதெரபி), மருந்தாளர், தாதியர் பட்டங்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலும் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் ஆய்வுகூடம், மருந்தாளர், தாதியர் மூன்றும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம். தெரிவு, நீங்கள் போட்ட விருப்ப ஒழுங்கில்தான் நடக்கும். பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்தே ஒரு குறியீடு என்பதால், "மருத்துவம் கிடைக்காவிட்டால் பார்ப்போம்" என்று மற்றவற்றை விட்டுவிட்டால் பிறகு சேர்க்க வழியில்லை. பெற்றோர் செய்யும் பெரிய தவறு இதுதான். மருத்துவத்தை முதலில் போடுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. கீழேயுள்ள வரிகளையும் நிரப்புங்கள்.

கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் உண்டு. சுகாதார அமைச்சின் டிப்ளோமாப் பயிற்சிகளுக்கு வர்த்தமானியைப் பார்த்திருக்க வேண்டும். எம்.எல்.டி. பயிற்சிப் பாடசாலை பொரளையில் எம்.ஆர்.ஐ.யில் இருக்கிறது. கொழும்பில் எம்.ஆர்.ஐ. என்றால் ஸ்கேன் மட்டுமல்ல, மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமும்தான். பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். மொரட்டுவையின் உயிர்மருத்துவப் பொறியியல் நல்ல துறை, ஆனால் இணைந்த கணிதம் வேண்டும். உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. தம்பி, தங்கை இருந்தால் பாடத்தைத் தெரிவுசெய்யும் முன் யோசியுங்கள்.

அந்த ஒரு வருட டிப்ளோமாவுக்கு வருவோம். ரேடியோகிராபர், எம்.எல்.டி., மருந்தாளர், இயன்மருத்துவர் எல்லாரும் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவாக வேண்டியவர்கள். காசு கட்ட முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இதை முடித்தால் எந்தப் பேரவையில், எந்தப் பதவிக்குப் பதிவு கிடைக்கும்? "எல்லாம் வரும்" என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கேளுங்கள். பிறகு பேரவையிடமும் நேரே கேளுங்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சி எத்தனை மணித்தியாலம், எந்த இடத்தில், யார் கையெழுத்திடுவார் என்பதும் அந்தக் கடிதத்தில் வர வேண்டும். பதிவு கிடையாது என்றால் அது பொழுதுபோக்குப் படிப்பு. பின்னர் ஓய்வு நேரத்தில் படிக்கலாம்.

தரவுப் பக்கம் போக ஆசையென்றால் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, தரவுத்தளத்தில் தேடி எடுக்கும் எஸ்.கியூ.எல். மொழியைப் பழகட்டும், படங்களின் டைகொம் வடிவத்தையும் தகவல் பரிமாறும் ஃபயர் நியமத்தையும் படிக்கட்டும். 2020 தொடக்கத்தில் விமானநிலையம் வழியே வந்தவர்களைக் கொவிட்டுக்காகக் கண்காணிக்க டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மென்பொருளில் இங்கேயே ஒரு முறைமை கட்டினார்கள். பிற நாடுகளும் அதைப் பின்பற்றின. இந்த வேலையில் சிக்கல் நுட்பத்தில் மட்டும் வருவதில்லை. ஒருவரின் பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு 'வி'யும். புதியதில் பன்னிரண்டு இலக்கம். இரண்டையும் கொடுத்து இரண்டு தரம் பதிவானால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு, ஒன்றில் மட்டும் பெனிசிலின் ஒவ்வாமை. எங்கள் பெயர்களோ இன்னும் மோசம்: தந்தை பெயர் முதலெழுத்தாகச் சுருங்கும், தர்ஷினி ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்படும். வார்ட்டில் நின்றவருக்குத்தான் இது எங்கே பிழையாகும் என்று தெரியும்.

மீண்டும் எழுதுவதா என்றால், மொத்தம் மூன்று தடவைதான் அனுமதி. சென்ற வருட மாவட்ட வெட்டுப்புள்ளிக்கும் மகளின் புள்ளிக்கும் இடைவெளி சிறிது, விழுந்தது ஒரு பாடத்தில், காரணமும் தெரியும் என்றால் எழுதட்டும். மூன்று பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் நான் ஊக்குவிக்க மாட்டேன். இடையில் வேறு பாடநெறியில் பதிவுசெய்வது அடுத்த விண்ணப்பத்தை எப்படிப் பாதிக்கும் என்பதைக் கைந்நூலில் வாசித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

பல்கலைக்கழகம் திறக்கும்வரை கிடைக்கும் மாதங்களில் ஏ.ஐ. வகுப்பு வேண்டாம். விரிவுரைகள் ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கிலமும், நோயாளிகளுக்காகச் சிங்களமும் பழகட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையின் 1.5 டெஸ்லா வலுவுள்ள காந்தம் மின்சாரம் நின்றாலும் அணைவதில்லை; நெஞ்சில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) உள்ளவரா என்று உள்ளே விட முன் அறிய வேண்டும். "பேஸ்மேக்கர் இருக்கா" என்று கேட்டால் இல்லை என்னும் ஐயா, "நெஞ்சில பெட்டரி வச்சிருக்கா" என்று கேட்டால் தலையாட்டக்கூடும். மார்பு சி.டி.யில் சில விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். "ஹுஸ்ம அல்லகன்ன" (மூச்சைப் பிடியுங்கள்) என்று சிங்களத்தில் தெளிவாகச் சொல்லத் தெரியாமல் நோயாளி அசைந்தால் படம் மங்கும், திரும்ப எடுக்க வேண்டும், கதிர்வீச்சும் இரண்டு மடங்கு.