குளக்கட்டில் நின்று பறவை பார்ப்பது: கேள்வி பதில்

கேள்வி (ஆரையம்பதி): அண்ணா, மார்கழியில் உன்னிச்சைக் குளம் வான் பாயும்போது போனேன். பறவைகளையே காணோமே?

பதில்: வான் பாய்வதைப் பார்க்க நல்ல நேரம்தான் தம்பி, பறவை பார்க்க அல்ல. குளம் முட்ட நிறைந்தால் கரையோரமும் ஆழம். நாரைக்குக் கால் ஊன்ற இடம் வேண்டாமா? சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து குளம் வற்ற வற்றத்தான் சேறு வெளியே வரும், மீன்கள் குட்டைகளில் ஒதுங்கும். சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் அப்போது அங்கே கூடும். வெளிநாட்டிலிருந்து வரும் உள்ளான்களும் வாத்துகளும் சித்திரையோடு திரும்பிவிடும். அவற்றைப் பார்க்க மாசி, பங்குனியில் போங்கள். போகிற வழியில் ஆயித்தியமலைப் பக்கம் அறுத்த வயல்களையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): காலையா, மாலையா?

பதில்: காலை. நம் பக்கத்து ஆறுகள் கிழக்கே கடலை நோக்கி ஓடுபவை. அதனால் பெரும்பாலான குளங்களில் கட்டு கிழக்கே, தண்ணீர் மேற்கே. காலையில் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் கட்டில் நின்றால் படம் அழகாக வரும், ஆனால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான்!

கேள்வி (அக்கரைப்பற்று): காக்கா, நீர்க்காகத்தையும் பாம்புத்தாராவையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இரண்டும் பட்டமரத்தில் சிறகை விரித்துக்கொண்டு நிற்கின்றன.

பதில்: அலகைப் பாருங்கள். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கிபோல வளைந்திருக்கும். பாம்புத்தாராவுக்கு நேரான ஊசி. நீந்தும்போது இன்னும் சுலபம்: உடம்பு தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே, அசல் பாம்புதான். அது மீனைக் கவ்வுவதில்லை, குத்தும். பிறகு மேலே வந்து தலையை உதறி மீனை மேலே எறியும், தலைப்பக்கம் முதலில் போகும்படி பிடித்து விழுங்கும். ஒருமுறை கச்சான் கொறித்தபடி இதைப் பார்த்தவன், சரை கையிலிருந்து விழுந்தது தெரியாமல் நின்றிருக்கிறேன். இரண்டுக்குமே இறகு தண்ணீரில் ஊறும். அதுதான் அந்தச் சிறகு காயவைத்தல்.

கேள்வி (கல்முனை): பைனாகுலர் எது வாங்கலாம்?

பதில்: 8x42. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். அதிக மடங்கு என்றால் கைநடுக்கமும் அத்தனை மடங்கு. குளக்கட்டுக் காற்றில் சொல்லவே வேண்டாம்.

கேள்வி (அம்பாறை): இங்கினியாகலையில் கட்டில் நின்று பார்த்தால் போதுமா?

பதில்: அங்கே இருக்கும் சேனநாயக்க சமுத்திரம் நாட்டிலேயே பெரிய குளம். கட்டிலிருந்து தெரிவது ஒரு மூலைதான். 1954இல் அறிவித்த கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் படகில் போனால்தான் தீவுகளில் கூடுகட்டும் பறவைகளைக் கிட்டப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதும் கிடைக்கும்.

கேள்வி (கொக்கட்டிச்சோலை): பிள்ளைகளோடு போகலாமா, அண்ணா?

பதில்: போகலாம் தங்கச்சி, கட்டோடு நின்றுகொள்ளுங்கள். தண்ணீரில் முதலை இருக்கும், இறங்க விடாதீர்கள். வெயில் காலத்தில் யானை தண்ணீருக்கு வரும் நேரம் பின்னேரம். அதற்கு முன்பே வீடு திரும்பிவிடுங்கள்.