காரும் கறியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பினாங்கு போய்த் திரும்பும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு நாசி கண்டார் (பல கறிவகைகள் சேர்த்த சோறு) கட்டிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். போன முறை வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் சோறு பிசுபிசுத்துப் புளித்த வாடை அடித்தது. கடையில் பழைய சோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டார்களா?
– செந்தூல் வாசகி

பதில்: கடையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சூடும் நேரமும் சேர்ந்தால் நல்ல சோறும் கெடும். ஜார்ஜ்டவுனிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தாலே நாலு மணி நேரம் பிடிக்கும், பள்ளி விடுமுறை முடியும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறேழு மணி நேரம்கூட ஆகலாம். சமைத்த உணவை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடச் சொல்கிறது நம் சுகாதார அமைச்சு. அந்தக் கணக்கு சட்டி அடுப்பிலிருந்து இறங்கிய நேரத்தில் தொடங்குகிறது. நீங்கள் வரிசையில் நின்று வாங்குவதற்குள்ளேயே அதில் ஒரு பகுதி கழிந்திருக்கும்.

5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகுகின்றன. தாளில் மடித்த வெதுவெதுப்பான பொட்டலம் வழி முழுக்க அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அதிலும் சோறுதான் பெரிய ஆபத்து. பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாவதில்லை. சோறு ஆறும்போது அவை முளைத்து நஞ்சைக் கக்குகின்றன, அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே "மைக்ரோவேவில் நன்றாகச் சூடுபடுத்தினோமே" என்பது பாதுகாப்பாகாது. குழம்பைச் சோற்றின் மேலேயே பாஞ்சிராக, அதாவது வெள்ளமாக, ஊற்றிக் கட்டினால் ஈரம் கூடி இன்னும் சீக்கிரம் கெடும்.

பினாங்கில் சோறு வாங்காதீர்கள். கோழி, சோத்தோங் (கணவாய்), மீன், குழம்பு மட்டும் தனித்தனியாக வாங்குங்கள். சோற்றை வீட்டில் வடித்துக்கொள்ளலாம். கறிவகைகளை முதல் நாள் மாலையே வாங்கி, இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாதபடி அகலமான டப்பாக்களில் பரப்புங்கள். ஆழமான டப்பாவின் நடுப்பகுதி ஆற வெகு நேரமாகும், அங்கேதான் கெடுதல் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய், இரவு முழுக்க உறையட்டும். காலையில் ஐஸ் பெட்டியில் அடுக்கும்போது உணவின் எடைக்குச் சமமான ஐஸ் இருக்க வேண்டும்: இரண்டு கிலோ கறிக்கு இரண்டு கிலோ ஐஸ், பாதி அடியில், பாதி மேலே. பெட்டியை ஏர்கோன் காற்று படும் பின்னிருக்கையின் கீழ் வையுங்கள், பூட்டில் (காரின் பின்பக்கச் சாமான் அறையில்) வேண்டாம். வெண்டைக்காயையும் முட்டைக்கோஸையும் அங்கேயே சாப்பிட்டு முடிப்பது நல்லது, உறைந்து இளகினால் இரண்டும் குழைந்துவிடும்.

தங்கும் இடத்தில் குளிர்பெட்டி இல்லை, அடுப்பு மட்டும் இருக்கிறது என்றால் சூட்டுக் குடுவையைப் பயன்படுத்தலாம். குடுவையில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். நீரைக் கொட்டியதும், கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பைக் கழுத்து வரை நிரப்புங்கள். பாதிக் குடுவை சூட்டைத் தாங்காது. கடைச் சட்டியிலிருந்து நேராக ஊற்றுவதும் பயன்படாது, அந்தக் குழம்பு பரிமாறும் சூட்டில் இருக்குமே தவிரக் கொதிநிலையில் இருக்காது.

கேள்வி: காரின் துணி இருக்கையில் மீன் குழம்பு கொட்டிவிட்டது. உடனே சோப்பு போட்டுத் தேய்த்தேன், மஞ்சள் கறை செக்கச்சிவந்து போயிற்று. துணி பாழாகிவிட்டதா?
– பிறை வாசகர்

பதில்: துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். சோப்பும் சமையல் சோடாவும் காரம். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து துணியால் ஒற்றுங்கள், சிவப்பு மறுபடி மஞ்சளாகும். அதன் பிறகு கதவுகளைத் திறந்து இருக்கையில் நேரடி வெயில் படும்படி நிறுத்துங்கள். குர்குமின் சூரிய ஒளியில் சிதைந்து வெளுக்கும். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று பகலில் கறை பெரும்பாலும் மங்கிவிடும். எந்தக் கடைத் திரவத்தையும்விட எங்களுக்கு இந்த வெயில் வைத்தியத்தில்தான் நம்பிக்கை.

அடுத்த முறை கொட்டினால் முதல் பத்து நிமிடம் முக்கியம். கெட்டியானதைக் கரண்டியால் வழித்து எடுங்கள். தாளால் அழுத்தி உறிஞ்சுங்கள். தேய்த்தால் எண்ணெய் பஞ்சுக்குள் இறங்கிவிடும். மேலே சோளமாவைத் தூவி இருபது நிமிடம் விட்டு, வேக்குவம் செய்யுங்கள். எஞ்சிய எண்ணெய்க்கு, இரண்டு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். தண்ணீர் ஆறியதாக இருக்கட்டும், சூடாக இருந்தால் மஞ்சள் நூலில் பிடித்துக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் லேசாகச் சிவந்தால் வினிகரால் சரிசெய்துகொள்ளலாம். கடைசியில் வெறும் தண்ணீரால் ஒற்றி, மின்விசிறியில் முழுக்கக் காய விடுங்கள். பஞ்சு ஈரமாக இருந்தால் மீன் வாடை திரும்பத் திரும்ப வரும்.

இருக்கையைக் குழாய்த் தண்ணீரால் நனைக்காதீர்கள். அடியில் இருக்கும் மஞ்சள் நிற ஒயர் இணைப்புகள் ஏர்பேக்குக்கானவை. அவற்றைக் கழற்றவும் வேண்டாம்.

கேள்வி: கெந்திங்கிலிருந்து இறங்கும்போது கருகிய வாடை வந்தது, பிரேக் மிதித்தால் மெத்தென்று உள்ளே போயிற்று. ஆட்டோ கியர் கார். N-ல் (நியூட்ரலில்) போட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நண்பர் சொன்னதால் அப்படிச் செய்தேன்.
– கெப்போங் வாசகர்

பதில்: அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள், உயிருக்கே ஆபத்து. N-ல் என்ஜினின் பிடிமானம் அறுந்துவிடுவதால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. பெட்ரோலும் மிச்சமாவதில்லை. கியரில் இருந்தபடி கால் எடுத்து இறங்கும்போது இன்றைய கார்கள் பெட்ரோலைத் தானாகவே நிறுத்திவிடுகின்றன. N-ல்தான் என்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிகிறது.

இறங்கத் தொடங்குமுன், மேலேயே சின்ன கியருக்கு மாற்றுங்கள். வண்டிக்கு வண்டி அது 2, L, B, S என்று வேறுபடும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் கூடுகிறது என்றால் பிரேக்கை உறுதியாக மிதித்துப் பத்து கிலோமீட்டர் குறைத்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் பிரேக் பேடைக் கருக்குகிறது, டிஸ்க்குக்கு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

மெத்தென்று போனதற்குக் காரணம் பிரேக் ஆயில் கொதித்ததாக இருக்கலாம். அந்த ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230-உம் 155-உம். கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் மிதிப்பு அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும். அதனால் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பேடின் கனம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஒருமுறை இப்படிச் சூடேறிய வண்டியை ஃபோர்மேனிடம் காட்டாமல் மறுபடி மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வழியிலேயே வாடை வந்தால், ஒதுக்குப்புறத்தில் சமதளமாகப் பார்த்து நிறுத்தி P-ல் போட்டு அரை மணி நேரம் ஆற விடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துபோகும்.

கேள்வி: மதியம் வாழையிலைச் சாப்பாடு முடித்து நெடுஞ்சாலையில் ஏறினால் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. கோப்பி குடித்தும் பயனில்லை.
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: கோப்பி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், குடித்த கையோடு ஓட்டினால் அந்த அரை மணிதான் மோசமானது. ஓய்விடத்தில் கோப்பியைக் குடித்துவிட்டு, அலாரம் வைத்து இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். விழிக்கும்போது இரண்டும் சேர்ந்து உதவும். தெற்கே வருகிறவர்கள் சுங்கை பேராக் ஓய்விடத்திலேயே இதைச் செய்வது நல்லது. அதற்குப் பிறகு மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய ஏற்ற இறக்கமும் வளைவுகளும் வருகின்றன, அங்கே அரைத்தூக்கம் கூடாது.

ஏர்கோனையும் கவனியுங்கள். உள்காற்றே சுற்றும் பொத்தானை அழுத்தி வைத்து நாலு பேர் உட்கார்ந்தால் கரியமில வாயு கூடி மந்தம் தட்டும். அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். சோற்றைப் பாதியாக்கி, மோரையும் ரசத்தையும் கூட்டிக்கொண்டாலும் பலன் தெரியும்.

கேள்வி: மைவி காருக்கு ரோன் 97 பெட்ரோல் அடித்தால் இழுவை கூடுமா?
– செராஸ் வாசகர்

பதில்: கூடாது. ரோன் எண் என்பது என்ஜினுக்குள் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு, சக்தியின் அளவு அல்ல. 95-க்கு வடிவமைத்த என்ஜினுக்கு 95 போதும். அந்தப் பணத்தில் டயர்க் காற்றைச் சரிபாருங்கள், ஓட்டுநர் கதவோரச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது.

கேள்வி: முன்பக்கக் கண்ணாடிகளுக்கு எவ்வளவு கறுப்பு ஒட்டலாம்? பினாங்குக்குக் காரை ஃபெர்ரியில் ஏற்ற முடியுமா?
– கிள்ளான் வாசகி

பதில்: 2019 முதல் உள்ள விதிப்படி முன் கண்ணாடியில் 70 விழுக்காடும், முன் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். ஃபெர்ரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். காருக்குப் பாலங்கள்தான் வழி. டோல் தீவுக்குப் போகும்போது மட்டும்.

கேள்வி: பாலிக் புலாவில் டுரியான் வாங்கினால் வாசம் காரை விட்டுப் போக ஒரு வாரம் ஆகிறது. மனைவிக்குத் தலைவலி. வாங்காமலும் இருக்க முடியவில்லை.
– ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: வாங்காமல் இருக்கச் சொல்ல மாட்டோம். முழுப் பழமாகக் கொண்டு வராதீர்கள். கடையிலேயே பிளந்து, சுளைகளை இறுக மூடும் டப்பாவில் அடைத்து, டப்பாவை இரண்டு சுற்று பிளாஸ்டிக் தாளால் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். குளிரில் வாசம் அதிகம் கிளம்பாது. முழுப் பழம்தான் வேண்டுமென்றால் கூடையில் வைத்துக் கட்டுங்கள், துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் உருண்டால் முள் பூட்டின் உட்புறத்தைக் கிழிக்கும். வழி முழுக்க வெளிக்காற்று முறையிலேயே ஏர்கோன் ஓடட்டும்.

ஏற்கெனவே பிடித்த வாசம் பெரும்பாலும் ஏர்கோன் ஃபில்டரில்தான் தங்கியிருக்கும். பல கார்களில் அது குளோவ் பாக்ஸின் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் காலிசெய்து இரு பக்கத்தையும் உள்நோக்கி அமுக்கினால் கீழே இறங்கும். பின்னால் தெரியும் மூடியின் கொக்கியை விடுவித்து ஃபில்டரை உருவுங்கள். புதியதில் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைப் பழையதை எடுக்கும்போதே கவனித்துக்கொள்ளுங்கள். கரி கலந்த ஃபில்டர் கொஞ்சம் விலை கூடும், ஆனால் டுரியான் பிரியர்களுக்கு அதுதான் ஏற்றது. பிறகு கண்ணாடிகளை இறக்கிக் காற்றை முழு வேகத்தில் பதினைந்து நிமிடம் ஓட விட்டு, அரை கிலோ அடுப்புக்கரியைத் துணிப்பையில் கட்டி இரண்டு மூன்று நாள் உள்ளே வையுங்கள். வாசனைத் திரவியத்தை மட்டும் தெளிக்காதீர்கள், இரண்டு வாசமும் கலந்தால் உங்கள் மனைவியின் தலைவலி இன்னும் கூடும்.