முருகன் மரகன் ஆன கதை: தரவுத்தளக் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்கு மொத்த வியாபாரக் கடை. பில் சொஃப்ட்வெயார் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் 5.7ஆம் பதிப்பில் ஓடுகிறது, ஒன்பது வருடக் கணக்கு உள்ளே கிடக்கிறது. மாதமுடிவு ரிப்போர்ட் எடுக்க ஏழு நிமிடம் போகிறது. 16 ஜிபி ரேம் வாங்கிப் போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளத்துக்கு மாறினால்தான் சரிவரும் என்கிறார் சொஃப்ட்வெயார் பார்க்கிற தம்பி. மாறலாமா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தம்பி கோபிக்கக்கூடாது, ஆனால் இது ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்ற கதை.

முதலில் அந்த ரேம். மைஎஸ்கியூஎல் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்துக்கு பஃபர் பூல் என்று பெயர். யாரும் கை வைக்காவிட்டால் அதன் அளவு 128 எம்பி. நீங்கள் 16 ஜிபி போட்டாலும் 64 போட்டாலும் அது தன் 128ஐ விட்டு அசையாது. அந்தச் சேர்வரில் வேறு வேலை இல்லையென்றால் 10 ஜிபி அளவில் கொடுத்துப் பாருங்கள். போஸ்ட்கிரெஸிலும் இதே வேலைக்கான ஷேர்ட் பஃபர்ஸ் 128 எம்பியில்தான் தொடங்குகிறது. மாறியிருந்தால் அங்கேயும் இதே முறைப்பாட்டோடு நின்றிருப்பீர்கள்.

அடுத்தது ரிப்போர்ட். அதற்காகத் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விக்குக் குவெரி என்று பெயர், அதன் முன்னால் எக்ஸ்பிளெய்ன் என்ற சொல்லைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். வரும் விடையில் டைப் என்ற நிரலில் (மேலிருந்து கீழான வரிசையில்) 'ஓல்' என்று வந்தால், ஒன்பது வருட பில்லையும் ஒன்றுவிடாமல் படிக்கிறது என்று அர்த்தம். திகதிக்கு இன்டெக்ஸ், அதாவது விரைவாகத் தேட உதவும் சுட்டி, போட்டிருக்கிறோமே என்பார் தம்பி. இருக்கலாம். ஆனால் குவெரியில் திகதியை இயர், மந்த் என்ற பங்ஷன்களுக்குள் போட்டு 'வருடம் 2024, மாதம் 3' என்று எழுதியிருப்பார் என்பது என் ஊகம். பத்தில் ஒன்பது இடத்தில் நான் கண்டது அதுதான். உங்கள் கடன் கொப்பி திகதி வரிசையில் இருக்கிறது என்று வையுங்கள். 'மார்ச் 1இலிருந்து பார்' என்றால் பையன் நேரே அந்தப் பக்கத்தைப் பிரிப்பான். 'ஒவ்வொரு வரியிலும் மாதத்தைக் கணக்குப் பண்ணி, மூன்றாம் மாதமா என்று பார்' என்றால் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்குவான். ஆகவே பங்ஷனைக் கழற்றிவிட்டு, மார்ச் 1 அல்லது அதற்குப் பின், ஏப்ரல் 1க்கு முன் என்று எழுதச் சொல்லுங்கள். 'மார்ச் 31 வரை' என்று எழுதிவிட வேண்டாம். பில்லில் நேரமும் பதிவாகிறதென்றால் 31ஆம் திகதி விற்பனை முழுவதும் ரிப்போர்ட்டில் இருந்து காணாமல் போய்விடும், நள்ளிரவு சரியாகப் பன்னிரண்டுக்குப் போட்ட பில் தவிர.

மெதுவான குவெரிகளைத் தானே குறித்துவைக்கிற ஸ்லோ லொக் ஒன்றும் இருக்கிறது. அதை இயக்கினாலும் 10 விநாடிக்கு மேல் போவதைத்தான் பதியும், 1 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். கண்ட கண்ட நிரலுக்கெல்லாம் இன்டெக்ஸ் போடவும் வேண்டாம், ஒவ்வொரு பில் பதியும்போதும் அத்தனை இன்டெக்ஸையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு விஷயத்தில் தம்பி பாதி சரி. 5.7க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது, ஆனபடியால் பதிப்பை உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் 5.7இலிருந்து 8.4க்கு ஒரே பாய்ச்சலாகப் போக முடியாது, 8.0இல் ஒருக்கால் இறங்கி ஏற வேண்டும்.

கேள்வி: ஒரக்கிள் தரவுத்தளத்தில் பெயர் நிரலின் நீளத்தை 30 என்று வைத்திருக்கிறோம். ஆங்கிலப் பெயர் எல்லாம் போகிறது, தமிழ்ப் பெயர் முழுவதாகப் போட்டால் நீளம் கூடிவிட்டது என்கிறது. எண்ணிப் பார்த்தால் முப்பது வரவில்லையே?
வாசகி, மானிப்பாய்

பதில்: நீங்கள் எழுத்தை எண்ணுகிறீர்கள், ஒரக்கிள் பைட்டை எண்ணுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூரிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். குணநாதன் என்பதில் உகரக் குறி, அரவு, புள்ளி எல்லாம் சேர்த்து 8 குறியீடு, 24 பைட். முதலெழுத்தும் புள்ளியும் வர 28, இன்னொரு தமிழ் எழுத்துக்கு இடமில்லை. நிரலின் அளவை '30 சார்' என்று மாற்றுங்கள், பைட் எண்ணுவதை விட்டு எழுத்துக் குறியீட்டை எண்ணும்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் அங்கத்தவர் விபரம் பழைய மைஎஸ்கியூஎலில், பாமினி என்ற எழுத்துருவில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸுக்குப் போகப் போகிறோம். யுனிகோடுக்கு மாற்றுவதை முன்னர் செய்வதா, போன பிறகு ஆறுதலாகச் செய்வதா?
வாசகி, சுன்னாகம்

பதில்: முன்னர். ஆறுதலாகச் செய்யலாம் என்று நினைத்து நான் பட்டது போதும்.

பாமினி என்பது தமிழ் உடுப்புப் போட்ட ஆங்கில எழுத்து. நீங்கள் அம்மா என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். 'க' சின்ன எஃப், 'கு' பெரிய எஃப். மைஎஸ்கியூஎலோ வழமையாகச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்று பேதம் பார்ப்பதில்லை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் கணநாதன் என்று தேடினால் குணநாதனும் சேர்ந்து வருவார். அங்கிருந்த அக்கா அங்கத்துவ இலக்கத்தைப் பார்த்துச் சரியான ஆளைப் பிடிக்கப் பழகியிருந்தார், யாருக்கும் சொல்லவும் இல்லை.

தரவை நான் அப்படியே போஸ்ட்கிரெஸுக்குக் கொண்டுபோனேன். அது பேதம் பார்க்கும். ஆங்கிலத்தில் பதிந்திருந்த பெயர்களைச் சின்ன எழுத்தில் தேடினால் வருகுதில்லை என்று முறைப்பாடு. இதென்ன பெரிய வேலை என்று பெயர் நிரல் முழுவதையும் லோவர் பங்ஷனால் சின்ன எழுத்தாக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா திரையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். குணநாதன்கள் எல்லாரும் கணநாதன் ஆகிவிட்டார்கள், முருகன் மரகன் ஆகிவிட்டார். கணநாதனாகவே பிறந்தவர் யார், அன்று காலை கணநாதன் ஆனவர் யார் என்று அந்த நிரலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. முதல்நாள் இரவு எடுத்த பிரதி இருந்தபடியால் தப்பினேன். அன்று காலை சேர்ந்தவர்களை மட்டும் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்து மீண்டும் பதிந்தோம்.

ஒரே நிரலில் பாமினியும் உண்மையான ஆங்கிலமும் கலந்திருந்தால், யுனிகோடுக்கு மாற்றும் கருவி ஆங்கிலப் பெயரையும் கண்டபடி தமிழாக்கிவிடும். அரைப்புள்ளி உள்ள நிரைகளை முதலில் பிரியுங்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அதுதான், ஆங்கிலப் பெயரில் அது வர வழியில்லை. மிச்சத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பிறந்த திகதி தெரியாதவர்களுக்கு எல்லாம் பூச்சியமாகப் போட்டிருந்தால் போஸ்ட்கிரெஸ் ஏற்காது, அவற்றை வெறுமையாக்கிவிட்டு ஏற்றுங்கள்.

ஏற்றி முடிந்ததும் அங்கத்துவ இலக்கம் கொடுக்கும் சீக்குவன்ஸைக் கடைசி இலக்கத்துக்கு நகர்த்த மறக்க வேண்டாம். தரவை இலக்கத்தோடு ஏற்றும்போது அது தானாக நகராது. அப்படியே விட்டால் திங்கட்கிழமை காலை முதலாவதாகச் சேர வருகிறவருக்கு 1ஆம் இலக்கத்தைக் கொடுக்கப் பார்த்து, அது ஏற்கெனவே உண்டு என்று பிழை காட்டி நிற்கும்.